கிறிஸ்துமஸுக்குச் சுட்ட முட்டைப் பேய்

எங்க பக்கம் கிறிஸ்துமஸுக்கு நாலஞ்சு நாளைக்கு முன்னாடியே பாப்பாரப்பட்டி பேக்கரியில கூட்டம் நெரியும். மைதா, சக்கரை, முட்டை, டால்டான்னு எல்லாத்தையும் வூட்டுலயிருந்தே தூக்கிட்டுப் போயி, அவங்க அடுப்புல கேக்கு சுட்டு வாங்கியாருவோம். எண்பதுகள்ல எங்க தெருவுல கேக்கு இல்லாத கிறிஸ்துவ வூடே கெடையாது.

என் மவளுக்கு அஞ்சு வயசுல கோதுமை ஆகாதுன்னு கண்டுபுடிச்சாங்க. அதுவரைக்கும் வவுத்தால போயிப்போயி புள்ள குச்சியாட்டம் கெடந்தா. கோதுமை, மைதா, ரவை ஒரு துணுக்குகூட வாயில படக்கூடாதுன்னு ஆஸ்பத்திரி சிஸ்டரம்மா கண்டிசனா சொல்லிட்டாங்க. ஆண்டவர் கிருபை, நாங்க கேவுரு களி திங்கிற சனம். களி, கம்மஞ்சோறு, நெல்லுச்சோறுன்னு வருசம் பூரா வண்டி ஓடிரும். பண்டிகை வந்தாத்தான் ரோதனை.

நாங்களும் என் வூட்டுக்காரரோட தம்பி குடும்பமும் ஒரே வூட்டுல ரெண்டு அடுப்பு வெச்சுக்கிட்டு இருந்தோம். மொத வருசம் நான் கேக்கு சுடல. ஆனா ஓரகத்தி சுட்டா, அவளுக்கு ரெண்டு பசங்க இருக்காங்களே. அவனுங்க கேக்குத் தின்னுட்டு இருந்தப்ப என் மவ எங்கிட்ட வந்து, “அம்மா, மோந்து மட்டும் பாக்கட்டா? அதுக்கு ஒண்ணும் பண்ணாதுல்ல?”ன்னு கேட்டா. அடுத்த கிறிஸ்துமஸுக்கு அவனுங்களோட ஒண்ணா உக்காந்து இவளும் திங்கிற மாதிரி ஏதாச்சும் பண்ணியே தீருவேன்னு மனசுல முடிச்சுப் போட்டுக்கிட்டேன்.

சிஸ்டரம்மாதான் வழி சொன்னாங்க. மாவே வேணாம், முட்டையோட வெள்ளையும் சக்கரையும் போதும், நொரை கெட்டியா நிக்கிற வரைக்கும் அடிச்சு, கொஞ்சமாத் தணல்ல காயவிட்டா மல்லியப்பூவாட்டம் வெள்ளவெளேர்னு வரும்னாங்க. ஏனத்துல எண்ணெப் பிசுக்கு மட்டும் இருக்கக்கூடாதாம்.

நான் சும்மா இருந்தனா? பண்டிகைப் பலகாரத்தைக் கறி ஆக்குன ஏனத்துல பண்ணலாமான்னு, அலுமினிய குண்டான் ஒண்ண எடுத்துப் புளியும் சாம்பலும் போட்டு மூஞ்சி தெரியிற அளவுக்குத் தேச்சேன். சக்கரைய அம்மியில நுணுக்கி வெச்சுக்கிட்டு மத்தால அடிச்சேன் பாருங்க, தோள்பட்டை கழண்டு போச்சு. நொரை என்னமோ வந்துச்சு. ஆனா வெள்ளையா வரல, அடுப்புச் சாம்பல் கலருல வந்துச்சு. புதுசாத் தேச்ச அலுமினியத்துல முட்டைய அடிச்சா அப்பிடித்தான் கறுக்கும்னு சிஸ்டரம்மா பின்னாடி சொல்லிச் சிரிச்சாங்க. அன்னிக்கு எனக்கு யாரு சொன்னா?

இருந்தாலும் விடல. கரண்டியில மொண்டு மொண்டு காகிதத்துல வெச்சேன். மணல் பரப்புன சட்டிக்குள்ள எறக்கி, மூடிமேல தணலைப் போட்டு மத்தியானம் பூரா காத்துக்கெடந்தேன். தெறந்தா, ஒவ்வொண்ணும் கழுத்து சாஞ்சு, தோள் தொங்கி, சாம்பப் பூத்துப்போயி நிக்குது. வந்த ஆத்திரத்துல, முட்டை போட்ட கோழிக்கே திருப்பிப் போட்டுரலாம்னு எல்லாத்தையும் முறத்துல அள்ளித் தூக்கிட்டேன்.

அப்பத்தான் ஓரகத்தி உள்ள வந்தா. என் மூஞ்சியப் பாத்தா, முறத்தைப் பாத்தா. அஞ்சறைப்பெட்டியத் தெறந்து ரெண்டு கடுகு எடுத்து, சக்கரைப் பாகுல தொட்டு, முறத்துல இருந்த ஒண்ணோட தலையில கண்ணாட்டம் ஒட்டுனா. அடக் கடவுளே! அச்சு அசலா ஒரு பேய் என்னை மொறைச்சுப் பாக்குது. இயேசு பாலன் பொறக்குற நாளுக்கு எவளாச்சும் பேய் சுடுவாளான்னு கத்துனேன். அவ பாட்டுக்கு அடுத்ததுக்குக் கண்ணு வெச்சுக்கிட்டே, பேய்னா புள்ளைங்க தானா ஓடியாரும்னா. அவ சிரிச்சதுல எனக்கும் சிரிப்பு பொத்துக்கிச்சு. ரெண்டு பேரும் உக்காந்து எல்லாப் பேய்க்கும் கண்ணு ஒட்டி முடிச்சோம்.

கிறிஸ்துமஸ் அன்னிக்குக் காலையில கோயிலுக்குப் போயிட்டு வந்ததும் தட்டைக் கொண்டாந்து நடுவூட்டுல வெச்சேன். பசங்க ரெண்டு பேரும் மொதல்ல அலறிட்டு, அப்பறம் பாஞ்சானுங்க. என் மவ குறுக்க வுழுந்து தட்டைப் புடிச்சுக்கிட்டா. இது எம் பேயி, நாந்தான் குடுப்பேன், ஆளுக்கு ஒண்ணுதான்னு ஒரே அதிகாரம். குடுத்து முடிச்சு, தனக்கு ஒண்ணு எடுத்து, தலையக் கரக்குன்னு கடிச்சா. புள்ள மூஞ்சி முழுக்கச் சக்கரைப் பொடி. நான் தூணைப் புடிச்சுக்கிட்டு அழுதேன். அத்தனை சந்தோசம் எனக்கு.

கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் ஒறைச்சுது. பசங்க ஒருத்தனும் கேக்குன்னு வாயத் தொறக்கல. ஓரகத்தி அடுப்பங்கரைக்குப் போயிப் பாத்தேன். அலமாரியில கேக்கு டின்னு காலியாக் கவுந்து கெடந்துச்சு. அவ கறிக்கொழம்பு கிண்டிக்கிட்டு இருந்தா. ஏன்டி, பேக்கரிக்குப் போவலயான்னு கேட்டேன்.

திரும்பிக்கூடப் பாக்காம சொன்னா: “ஒரே வூட்டுப் புள்ளைங்களுக்கு ரெண்டு தட்டு எதுக்குக்கா?”

எங்க சனத்துல சொந்தத்துக்குள்ள நன்றின்னு சொல்ற பழக்கம் கெடையாது. சொன்னா அடிக்க வருவாங்க. அவ கையிலருந்த கரண்டியப் புடுங்கி, நீ போயிப் புள்ளைங்ககூட உக்காருடின்னு வெளிய தள்ளிவுட்டுட்டு, அவ கொழம்பை நான் கிண்டுனேன்.