தற்செயலாகப் பூங்காவுக்குப் போனவர்கள்

எண்பதுகளின் தொடக்கத்தில், எனக்கு இருபத்திரண்டு வயதாக இருந்தபோது, நெய்வேலி டவுன்ஷிப்பின் சிறுவர் பூங்காவுக்கு என் அளவுக்கு அடிக்கடி போன சிறுவர்கள் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். குட்டி ரயில் எந்த வளைவில் கூவும், ராட்டினத்தின் எந்தத் தொட்டிக்கு என்ன நிறம், மாலை ஐந்து மணிக்கு மேல் எந்த பெஞ்சில் நிழல் விழும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். நான் அங்கே விளையாடப் போகவில்லை. மாப்பிள்ளை வீட்டார் என்னைப் பார்ப்பதற்காகப் போனேன்.

எங்கள் பிளாக்கில் பெண் பார்க்க யாரையும் வீட்டுக்கு வரவழைக்க மாட்டார்கள். ஒரே மாதிரிக் குவார்ட்டர்ஸ்கள், ஒட்டிய சுவர்கள். இந்த வீட்டில் பஜ்ஜி போட்டால் மூன்றாம் வீட்டில் விசேஷம் என்னவென்று கேட்பார்கள். வந்தவர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அடுத்த ஷிஃப்ட் முடிவதற்குள் அது சுரங்கத்துக்குள்ளேயே போய்விடும். அதனால் பூங்கா. இந்த ஏற்பாட்டின் நிபுணர் எதிர்க் குவார்ட்டர்ஸ் அத்தை. முத்தாண்டிக்குப்பத்துக்காரர். தரகர் என்று சொன்னால் கோபித்துக்கொள்வார். உதவி செய்கிறேன் என்பார்.

"வூட்டுக்கு வந்து பாத்துட்டு வேணான்னு போனா பிளாக்கே பேசிகினு கெடக்கும். பார்க்குன்னா, யாரு யாரப் பாத்தாங்கன்னு யாருக்குத் தெரியும்? நீங்க பார்க்குக்குப் போனீங்க, அவங்களும் பார்க்குக்கு வந்தாங்க. அவ்ளோதான்."

எல்லோருக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மாலையில் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு யானைச் சறுக்கு மரத்துக்குப் பக்கத்தில் நிற்கும் பெண் யானையைப் பார்க்க வரவில்லை என்பது ஐஸ் விற்பவருக்குக்கூடத் தெரியும். ஆனாலும் முறை என்று ஒன்று உண்டு. நாங்கள் முதலில் போய் பெஞ்சில் உட்கார வேண்டும். அவர்கள் நடந்து வருவார்கள். அப்பா எழுந்து, "அடடே, நீங்களா? எங்க இந்தப் பக்கம்?" என்று ஆச்சரியப்படுவார். சுரங்கத்தில் ஃபோர்மேனாக ஆட்களை அதட்டும் மனிதர், நடிப்பு சுத்தமாக வராது. அவர்கள் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே ஆச்சரியப்பட ஆரம்பித்துவிடுவார். பத்து நிமிடம் மழையைப் பற்றிப் பேசுவார்கள். பிறகு மாப்பிள்ளையின் தகப்பனார், "ஊருக்குப் போய் லெட்டர் போடுறோம்" என்பார். லெட்டர் வந்தால் சம்மதம். வராவிட்டால் யாரும் யாரையும் பார்க்கவில்லை.

கல்யாணமாகாத பெண் குழந்தை இல்லாமல் சிறுவர் பூங்காவுக்குப் போனால் நன்றாக இருக்காது என்று அத்தை தன் பேத்தியை எங்களுடன் அனுப்புவார். இரண்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள். என் சம்பந்தங்களால் லாபமடைந்த ஒரே ஜீவன் அவள்தான். ஒவ்வொரு முறையும் ஒரு ரயில் சவாரி, ஒரு குச்சி ஐஸ். "இன்னிக்கு வர்ற மாப்ளயும் போன வாரம் மாரி லேட்டா வருவாராக்கா?" என்று அவள் கணீரென்று கேட்க, பக்கத்து பெஞ்சுக்காரர்கள் எங்களுக்காக வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள்.

நான் எலக்ட்ரிக்கல் டிப்ளமா. படிப்பு முடிந்து அப்ரென்டிஸாக மோட்டார் ரீவைண்டிங் பிரிவில் இருந்தேன். எரிந்துபோன மோட்டாரிலிருந்து கருகிய கம்பியை உருவி எடுத்துவிட்டுப் புதுச் செம்புக் கம்பியைச் சுற்றும் இடம். சுற்று ஒன்று தவறினால் மோட்டார் உடனே காட்டிக்கொடுத்துவிடும். பூங்காவில் என்னிடம் எதிர்பார்க்கப்பட்டவற்றுக்கு அப்படித் தெளிவான சோதனை எதுவும் இல்லை. அம்மா வீட்டிலிருந்து பூங்கா வாசல் வரை சொல்லிக்கொண்டே வருவாள்: கையை வீசாதே, பல் தெரியச் சிரிக்காதே, கேட்டால் மட்டும் பேசு, பேசினால் ஒரு வார்த்தை, அதுவும் பாதி வாய்க்குள்ளேயே இருக்கட்டும். தலை குனிந்திருக்க வேண்டும். ஆனால் முகம் தெரிய வேண்டும். இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் எப்படிச் செய்வது என்று கேட்டேன்.

"எல்லாரும் செய்யுறாக தாயி. நீ மட்டும் கணக்குப் பாக்குற" என்றாள் அம்மா.

எனக்கு வரவில்லை. முதலில் வந்தவர்கள் பெண் வேகமாக நடக்கிறாள் என்று சொன்னார்கள். அடுத்து வந்த மாப்பிள்ளை தன் ஊரில் சொந்தமாகப் பம்ப்செட் இருப்பதாகச் சொன்னார், எத்தனை ஹெச்.பி. என்று கேட்டுவிட்டேன். அவருக்குத் தெரியவில்லை. பெண் கேள்வி கேட்கிறது என்று அத்தை மூலம் சொல்லியனுப்பினார்கள். இன்னொரு வீட்டார் என் விரல்களைப் பார்த்தார்கள். வார்னிஷ் கறை நகக்கண்ணில் கொஞ்சம் மிச்சமிருந்தது. மருதாணி என்று சொல்லியிருக்கலாமே என்று அத்தை வருத்தப்பட்டார்.

இந்த நிலையில்தான் வேலைக்கான உத்தரவு வந்தது. பெர்மனென்ட். அதே பிரிவு, ஜெனரல் ஷிஃப்ட். மாதத்தின் முதல் திங்கட்கிழமை சேர வேண்டும். சேராவிட்டால் வரிசையில் அடுத்து நிற்பவருக்குப் போய்விடும். அப்பா உத்தரவை இரண்டு முறை படித்து, மடித்து, சாமி படத்துக்குப் பின்னால் செருகினார்.

"அதுக்குள்ள ஏதாவது அமைஞ்சா அவுக சொல்றபடி செய்வோம். சேந்துட்டு ஒரு மாசத்துல நின்னா எனக்குத்தான் அசிங்கம். அமையலைன்னா போ" என்றார்.

ஆக, முதல் திங்கட்கிழமை வரை யாருக்கும் என்னைப் பிடிக்காமலிருந்தால் எனக்கு வேலை. அதுவரை வந்த முடிவுகளைப் பார்த்தால் கவலைப்பட ஒன்றுமில்லை.

கடைசிக்கு முந்தைய ஞாயிறு வந்தவர்கள் எங்கள் பூர்வீகமான தெற்குப் பக்கத்திலிருந்து வந்து குறிஞ்சிப்பாடியில் ஜவுளிக்கடை வைத்தவர்கள். மாப்பிள்ளை கடலூரில் அரசாங்க குமாஸ்தா. பஸ் தாமதம். பெஞ்சில் நாங்கள் மூன்று பேரும் தற்செயலாகக் காத்துக்கொண்டிருந்தோம். பேத்திக்கு ரயில் அலுத்துவிட்டது. ராட்டினம் வேண்டும் என்றாள். பெரிய ராட்டினத்தில் குழந்தையைத் தனியாக ஏற்ற மாட்டார்கள். அவள் அழுகையை ஆரம்பித்தவுடன், அந்தச் சத்தத்துக்கு நடுவே சம்பந்தம் பேச முடியாது என்று அம்மாவே என்னை அனுப்பினாள்.

அந்த நேரத்தில் ஏற ஆள் இல்லை. ராட்டினக்காரர் எங்கள் இருவருக்காகத் தாராளமாகச் சுற்றவிட்டார். மேலே போனபோது மின்நிலையத்தின் புகைபோக்கிகள் தெரிந்தன, ரீவைண்டிங் பிரிவின் கூரைகூடத் தெரிந்ததாக நினைத்தேன். அடுத்த சுற்றில் எதுவும் ஒரு இடத்தில் நிற்கவில்லை. இறங்கியபோது பட்டுப் புடவை, அடிவயிறு, பூமி மூன்றும் தனித்தனியாக நகர்ந்துகொண்டிருந்தன. அப்போது அப்பாவின் குரல் கேட்டது: "அடடே, நீங்களா?"

நான் நடந்தேன். காலுக்கு ஒரு அடி முன்னால் இருந்த தரையை மட்டும் பார்த்து, ஒவ்வொரு அடியாக. கைகளை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். நிமிர்ந்தால் வாந்தி வரும். ஒரு பெண்மணி ஏதோ கேட்டார். வாயைத் திறக்காமல் "ம்" என்றேன். எதிரே பாலிஷ் போட்ட இரண்டு கறுப்புச் செருப்புகள் தெரிந்தன. மாப்பிள்ளையைப் பொறுத்தவரை நான் பார்த்தது அவ்வளவுதான்.

புதன்கிழமையே லெட்டர் வந்துவிட்டது. பெண் மிகவும் அடக்கம் என்று எழுதியிருந்தார்கள். இந்தக் காலத்தில் இப்படி ஒரு பெண்ணா என்று வியந்திருந்தார்கள். இருபத்திரண்டு வருடம் வளர்த்தும், டிப்ளமா படிக்கவைத்தும் எனக்கு வராத அடக்கத்தை ஐந்து நிமிட ராட்டினம் கொண்டுவந்துவிட்டது. அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அப்பா சாமி படத்துக்குப் பின்னாலிருந்து உத்தரவை எடுத்துப் பார்த்துவிட்டு, மறுபடி அங்கேயே வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அதுவும் நேராக இல்லை; அத்தை வீட்டுக்கு வந்தவர்கள், அவரோடு இந்தப் பக்கம் சும்மா எட்டிப் பார்த்தார்கள். மறுநாள் நான் வேலையில் சேர வேண்டிய திங்கள். எனக்குத் தூக்கமில்லாமல் கண் எரிந்தது, ஆனால் தலை சுற்றவில்லை. காபித் தட்டோடு நின்றேன்.

"அன்னிக்குப் பாத்ததும் முடிவு பண்ணிட்டோம்" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. "தலையே நிமிரலையே. எங்க வீட்டுக்கு இதுதான் வேணும்."

"ராட்டினத்துல ஏறி இறங்கினேங்க. தல சுத்துச்சு. வாந்தி வராமப் பாத்துக்கிட்டேன்" என்றேன்.

அம்மா தட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள், அது விழுந்துவிடும் என்பதுபோல. அந்த அம்மாள் சற்று யோசித்தார். பிறகு பெருந்தன்மையாகச் சிரித்தார்.

"அதுக்கென்ன. கல்யாணத்துக்கு அப்புறம் ராட்டினத்துல ஏற வேண்டிய தேவையே இருக்காது."

"வேலைக்கும் போக வேண்டியதில்ல. கரண்ட்டுக் கம்பியத் தொட்டுப் பொழைக்கணும்னு எங்க வீட்டுல எந்தப் பொம்பளைக்கும் வரல" என்று அவர் கணவர் சேர்த்துக்கொண்டார். அப்பா பக்கம் திரும்பி, "பொண்ணுக்குச் சம்மதந்தானே? அதுதான் மாப்பிள்ளையப் பாத்துச்சுல்ல?"

அப்பா வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன்.

"இல்லைங்க. நாங்க பார்க்குக்குத்தான் போனோம்."

யாரால் என்ன சொல்ல முடியும்? பார்க்கத்தான் வந்தோம் என்று அவர்களும் சொல்ல முடியாது, காட்டத்தான் கூட்டிப்போனோம் என்று அப்பாவும் சொல்ல முடியாது. எல்லோரும் அத்தையைப் பார்த்தார்கள். அத்தை மின்விசிறியைப் பார்த்தார்.

"ஆமாங்க, பார்க்குக்குத்தான் போயிகினு இருந்தாங்க" என்றார் மெதுவாக.

மாப்பிள்ளையின் தகப்பனார் வியாபாரி. சமாளித்துக்கொண்டார். "சரிம்மா. இப்பப் பாத்துக்க. இந்தா, எதுக்கத்தான உக்காந்திருக்கான்."

பார்த்தேன். இத்தனை மாதங்களில் முதல்முறையாக அனுமதியோடு, அவசரமில்லாமல், நேராக. நல்ல நெற்றி. சட்டைப் பையில் இரண்டு பேனா. கெட்டவர் என்று சொல்ல எதுவுமில்லை. அவர் முதலில் சன்னலைப் பார்த்தார், பிறகு தன் முழங்காலை, பிறகு தரையை. காது சிவந்துவிட்டது. தலை குனிந்திருந்தது, ஆனால் முகமும் தெரிந்தது. அம்மா சொன்ன அந்த வித்தை அவருக்கு இயல்பாகவே வந்தது.

"பாத்துட்டேங்க. யோசிச்சு லெட்டர் போடுறேன்" என்றேன்.

காபி ஆடை கட்டிக்கொண்டு அப்படியே இருந்தது. அவர்கள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றார்கள். குறிஞ்சிப்பாடிக்கு அரை மணிக்கு ஒரு பஸ் உண்டு. வாசலில் அந்த அம்மாள் அத்தையிடம், "இந்தப் பொண்ணா அந்தப் பொண்ணு?" என்று கேட்டது உள்ளே வரை கேட்டது.

அத்தை அன்றைக்கு எங்கள் வீட்டுக்குத் திரும்பி வரவில்லை. அப்பா வெகு நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"லெட்டர் போடுறாளாம்" என்றார் சுவரிடம்.

"போடட்டுமே" என்றாள் அம்மா. அவர்கள் தொடாத பஜ்ஜியில் ஒன்றை எடுத்துத் தின்றுகொண்டிருந்தாள். "எத்தன வாரம் பட்டுச் சேலையக் கட்டிக்கிட்டு அந்த பெஞ்சுல நானும்தான் உக்காந்திருந்தேன். இவுகளுக்கு முந்தி ஒரு பயலாவது நமக்குப் பதில் போட்டானா?"

அம்மா என் பக்கம் நின்றாள் என்று நான் பெரிதாக நினைத்துக்கொள்ளவில்லை. மறுநாள் காலையில் தலை வாரிவிடும்போது, வேலைக்குப் போனாலும் கையை வீசி நடக்காதே என்றுதான் சொன்னாள். உத்தரவை மட்டும் அவளே எடுத்து என் டிபன் பைக்குள் வைத்தாள்.

ஷிஃப்ட் பஸ்ஸில் அப்பா முன்னால் ஏறினார், நான் பின்னால். அந்த பஸ்ஸில் பெண்கள் இருக்கை என்று எழுதிய ஒரு இருக்கை இருந்தது. அதில் ஹெல்மெட்டுகளை அடுக்கியிருந்தார்கள். யாரும் எடுக்கவில்லை. நானே எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒவ்வொருவராக வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். அப்பா என்னைத் தெரியாதவர்போல இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்தார்.

ஒருவர் குனிந்து அவரிடம் கேட்டார். "பாப்பா எங்க கெளம்பிருச்சு? ஆஸ்பத்திரிக்கா?"

"வேலைக்கு" என்றார் அப்பா. பஸ் திரும்பியது. "ரீவைண்டிங். பெர்மனென்ட்."

அடுத்த ஸ்டாப்பில் ஏறியவர் எதுவும் கேட்கவில்லை. அப்பாவே சொன்னார், மகள் ரீவைண்டிங்கில் சூப்பர்வைசர் என்று. அதற்கடுத்த ஸ்டாப்பில் நான் உதவிப் பொறியாளர். மோட்டார்களெல்லாம் என் கையெழுத்தில்லாமல் வெளியே போகாது என்று பின்வரிசை வரை கேட்கும்படி சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் திருத்தவில்லை. என் ஸ்டாப் வந்ததும் இறங்கி நடந்தேன், கையை வீசி.