ஆயுத பூசைக்கு நிறுத்திய சேர்வர்

கம்ப்யூட்டரை நிறுத்துவது ஒரு பெரிய வித்தையா என்று யாராவது கேட்டால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வரும்.

பெல்மதுளைக்கும் ஓப்பநாயக்கவுக்கும் நடுவில் உள்ள ஒரு தேயிலை பக்டரியில் கம்ப்யூட்டர் அறை என் பொறுப்பு. ஐந்து தோட்டங்களில் நிறுக்கிற கொழுந்தின் கிலோ, மலையில் உள்ள தராசு மெஷினிலிருந்து நேரே அங்குள்ள சேர்வருக்கு வந்துவிடும். அந்தக் கிலோவைப் பார்த்துத்தான் ஒரு பெண்ணுக்கு அன்று முழுப்பேரா அரைப்பேரா என்று விழும். முழுப்பேர் விழுந்தால்தான் முழு நாள் வேலை செய்ததாகக் கணக்கு.

அதை நிறுத்த ஒழுங்கு உண்டு. ஐந்து தோட்டத்துக்கும் போன் போட்டு எல்லாரையும் வெளியேறச் சொல்ல வேண்டும். வந்த கிலோவெல்லாம் பதிந்து முடியும்வரை பொறுக்க வேண்டும். பிறகு புரோகிராம், பிறகு டேட்டாபேஸ், பிறகு சேர்வர். பேட்டரியும் மெயின் சுவிட்சும் கடைசியில்தான். சோறு வேகுமுன் யாராவது அடுப்பை அணைப்பார்களா?

பக்டரி வேலையை நடத்தும் எங்கள் டீமேக்கர் அணைத்தார். அன்று ஆயுத பூசை. பூசை நேரத்தில் பக்டரியில் ஒரு மெஷினும் ஓடக்கூடாது. ரோலர் முதல் எல்லாவற்றையும் நிறுத்திக் கழுவிப் பொட்டு வைப்போம். சேர்வரும் மெஷின்தானே என்று அந்த வருடம் அவருக்குத் தோன்றிவிட்டது. சந்தனக் கிண்ணத்தோடு என் அறைக்குள் வந்தார்.

"ஐயர் வந்துட்டாரு. ரோலரயே ஒரு சுவிட்சுல நிப்பாட்டிட்டோம், ஒனக்கு மட்டும் என்னாம்மா இவ்வளவு நேரம்?"

"கொஞ்சம் பொறுங்க சேர். அந்திக் கொழுந்து இன்னும் பதியுதுங்க."

"சாமிய காக்க வைப்பியா?"

பேட்டரியை அணைத்தார், மெயின் சுவிட்சை இழுத்தார். செத்துக் கிடந்த சேர்வரின் நெற்றியில் பொட்டும் வைத்தார். அந்தக் கிண்ணத்தை அவர் தலையில் கவிழ்த்திருக்க வேண்டும்.

மறுநாள் சேர்வர் எழும்பவில்லை. இரத்தினபுரியிலிருந்து வந்த டெக்னீசியன், "ஐயோ நங்கி, மேக்க இவரய்", இது முடிந்துவிட்டது தங்கச்சி என்று, சிங்களத்தில் சொல்லிக் கையை விரித்தார். முதல் நாள் காலைக் கொழுந்து வரை எடுத்து வைத்த நகல் மட்டும்தான் மிஞ்சியது. பகல் கொழுந்தும் அந்திக் கொழுந்தும் போயே போய்விட்டன. அத்தனை பெண்களுக்கும் அரைப்பேர்.

"சிஸ்டத்துல இல்லாதத நான் எங்கருந்து போடுறது?" என்றார் டீமேக்கர். சிஸ்டத்தைக் கொன்றவர் பேசுகிற பேச்சு!

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எதிர்க் காம்பராவில் இருக்கும் அக்கா என்னைத் தேடி வந்தாள். காய்ச்சலில் கிடந்து எழும்பியவள். அந்த மாதம் ஏற்கெனவே பல அரைப்பேர். இன்னும் ஒன்று விழுந்தால் அவளை நிரந்தரப் பதிவிலிருந்து வெட்டிவிடுவார்கள்.

"காலையில ஒம்போது, பகலுக்கு ஏழு, அந்திக்கு ஆறு. இருபத்திரண்டு கிலோ எடுத்தேன் தங்கச்சி."

லயம் லயமாகப் போய்க் கேட்டேன். ஒருத்தி கூடத் தடுமாறவில்லை. அவரவர் கிலோ அவரவர் நாக்கில் இருந்தது. மற்றத் தோட்டங்களிலும் அப்படியே கேட்டு எழுதச் சொன்னேன். லொறியில் வரும் கொழுந்தை பக்டரி வாசல் தராசில் மறுபடி நிறுத்துப் புத்தகத்தில் கையால் எழுதுவார்கள். பெண்கள் சொன்னதையெல்லாம் கூட்டி அதோடு ஒப்பிட்டேன். ஒத்து வந்தது. அந்தக் கிலோக்களோடு, சுவிட்சை இழுத்தது யார் என்பதையும் ஒரு கடிதத்தில் மறைக்காமல் எழுதிக் கையெழுத்து வைத்து மனேஜர் துரையிடம் கொடுத்தேன்.

துரை புத்தகத்தைப் புரட்டினார். "தராசு சரின்னா முழுப்பேர் போடுங்க" என்றார். டீமேக்கர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

அறை வாசலில் நின்ற அக்கா சிரிக்கவில்லை.

"தராசு ஒத்து வராட்டி, நாங்க சொன்னது பொய்யிங்களா தொர?"

துரை போனை எடுத்துக்கொண்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். கூட்டிப் பார்க்காமல் நானும் அந்தக் கடிதத்தில் கையெழுத்து வைத்திருக்க மாட்டேன்.