சின்னம்மாவின் வெள்ளைத் திட்டுகள்

குளியலறையிலிருந்து சின்னம்மா "அக்கா" என்று கூப்பிட்ட குரல் சரியில்லை. சவர்க்காரம் கேட்டுக் கூப்பிடும் குரல் அல்ல அது. அம்மா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடினார். பின்னால் நானும் ஓடினேன். எனக்கு அப்போது ஒன்பது வயது.

கதவைத் திறந்தபடி நின்ற சின்னம்மாவின் வாயைச் சுற்றியும் ஒரு கண்ணோரத்திலும் பால் சிந்தியது போல வெள்ளைத் திட்டுகள். துவாயால் தேய்த்துத் தேய்த்து அந்த இடமெல்லாம் சிவந்திருந்தது.

"பவுடர் எண்டு நினைச்சன் அக்கா. போகுதில்ல."

கையிலும் சில நாட்களாகச் சின்னப் புள்ளிகள் இருந்தனவாம். யாரிடமும் சொல்லவில்லை.

"ஐயோ, மருந்து பிழைச்சுப் போச்சு!" என்று அம்மா தலையில் கைவைத்துக்கொண்டார்.

சின்னம்மா அம்மாவின் தங்கை. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் கம்பனியில் கிளார்க். கொட்டாஞ்சேனையில் எங்களோடுதான் இருந்தார். முந்திய வருடம் அவருடைய கால் பெருவிரல் நகத்தின் கீழ் ஒரு கறுப்புக் கோடு விழுந்தது. சப்பாத்து கடித்தது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அது தோல் புற்றுநோய். விரலையே எடுத்துவிட்டார்கள். அது போதாதென்று சில மாதங்களில் தொடை இடுக்கில் ஒரு கட்டி வந்தது. அது பெரிய இரத்தக்குழாயோடு ஒட்டியிருப்பதால் வெட்ட முடியாது, முதலில் மருந்து ஏற்றிப் பார்ப்போம் என்றார் டாக்டர். ஏற்றினார்கள். தலைமுடி கொட்டவில்லை என்பது அம்மாவுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. இந்தக் காலை வரைக்கும்.

அப்பா வேலைக்குப் போயிருந்ததால் என்னையும் இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக இறங்கினார்கள். படிக்கட்டு இருட்டில் கீழ்வீட்டு அன்ரி எதிர்ப்பட்டார். சால்வையால் மூடியும் வெளியே தெரிந்த சின்னம்மாவின் முகத்தை உற்றுப் பார்த்தவர், "என்ன கிறீம் போடுறீங்க? நல்லா வெளுத்திருக்கே!" என்று ஆசையாகக் கேட்டார். சின்னம்மா சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

டாக்டர் சிங்களப் பெண்மணி. சின்னம்மாவின் நாடியைப் பிடித்து நிமிர்த்தி, முகத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். பிறகு புன்னகைத்தார். ஒருவருடைய முகம் இப்படிப் பாழாய்ப் போயிருக்க, அதைப் பார்த்துச் சிரிக்க ஒரு டாக்டரால் எப்படி முடிகிறது?

"பய வென்ன எப்பா," பயப்பட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சின்னம்மாவைத் திரைக்குப் பின்னால் கூட்டிப்போனார். வெளியே வந்து அம்மாவிடம் இங்கிலிஷில் நிறையச் சொன்னார். அதில் எனக்குப் பிடிபட்டது ஒரே ஒரு சொல், ஆபரேஷன். அம்மா கதிரையைப் பிடித்துக்கொண்டார்.

டாக்டர் சொன்னது என்ன என்பது எனக்கு விளங்கப் பல வருடங்கள் ஆகின. அந்த மருந்து நோயைத் தானாகக் கொல்வதில்லை. நோயோடு சண்டை பிடிக்க உடம்பை உசுப்பிவிடுகிறது. தோலுக்கு நிறம் கொடுக்கும் அணுக்களிலிருந்தே அந்தப் புற்றுநோய் பிறந்ததால், உசுப்பப்பட்ட உடம்பு நல்ல நிறத்தையும் சேர்த்து அடித்துவிடும். வெள்ளைத் திட்டு வந்தால், மருந்து வேலை செய்கிறது என்று நம்ப இடமிருக்கிறது. கட்டியும் தொட்டுப் பார்க்கும்போதே சுருங்கியிருந்தது. ஸ்கானிலும் அப்படியே தெரிந்தால் இனி வெட்டி எடுக்கலாம். எடுத்தார்கள். சின்னம்மா இன்றும் வேலைக்குப் போகிறார். அந்தக் கால் பின்னேரத்தில் வீங்கும், முகத்தின் வெள்ளை போகவேயில்லை.

இதெல்லாம் தெரியாத நான், திரும்பி வரும் த்ரீவீலில் இருவருக்கும் நடுவில் நெரிபட்டுக்கொண்டிருந்தேன். ஆமர் வீதி தாண்டியதும் அம்மா என் தலைக்கு மேலால் எட்டி, சின்னம்மாவின் வெள்ளைத் திட்டுகளில் மாறி மாறி முத்தம் கொடுத்தார். இருவரும் ஓவென்று அழுதார்கள். செத்த வீட்டில்தான் நான் அப்படிப் பார்த்திருக்கிறேன். நானும் கத்தி அழத் தொடங்கினேன்.

"நீ ஏன் மகள் அழுற?" என்றார் சின்னம்மா.

"போன தடவ விரல வெட்டினாங்க. இந்த முறை முகத்தையா வெட்டப் போறாங்க?"

இருவரும் கன்னத்தில் கண்ணீர் வழிய வழியச் சிரிக்கத் தொடங்கினார்கள். நிறுத்தவே முடியவில்லை. டாக்டருக்குப் பிடித்த பைத்தியம் இவர்களுக்கும் தொற்றிவிட்டது என்று, வீடு வந்து சேரும்வரை நான் விறைத்துப்போய் இருந்தேன்.