தட்டு ஒண்ணு

டயலின் கண்ணாடியை நகத்தால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு மிக்கேல் மூச்சை அடக்கிக்கொள்கிறார். முள் நடுங்கி அடங்கும்வரை விடமாட்டார். பக்கத்தில் யாராவது தும்மினால், "இருங்க, அது பயந்துக்குது" என்பார்.

விருத்தாசலம் பீங்கான் பேட்டையில் இழுவை மீட்டர் வைத்திருக்கும் பட்டறைகளுக்கெல்லாம் அதைச் சரிபார்த்துத் தருபவர் அவர்தான். ஒரு மிஸ்டு கால் போதும், வந்துவிடுவார். சட்டைப்பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் மெல்லிய ஸ்க்ரூ டிரைவர். டிவிஎஸ் வண்டிப் பெட்டியில் முத்திரை குத்திய எடைக்கற்கள், ஒவ்வொன்றும் பழைய வேட்டித் துணியில் சுற்றியபடி. மண் தூசு ஒட்டினால் எடைக்கல் பொய் சொல்லும் என்பது அவர் கட்சி. வீட்டில் மனைவி கிரேசி குழம்பு எப்படி என்று கேட்டால், ஆறவிட்டு இன்னொரு கரண்டி வாங்கிய பிறகே பதில் வரும்.

கோவிந்தசாமியின் பட்டறையில் பீங்கான் குமிழுக்குள் இரும்புக் கொக்கியைச் சிமெண்டால் பதிக்கிறார்கள். நாற்பது கிலோ இழுத்தாலும் கொக்கி கழன்று வரக்கூடாது. இழுக்கும் மீட்டரைச் சரிபார்க்க அதை உத்தரத்தில் தொங்கவிட்டு, கீழே ஓர் இரும்புத் தட்டை மாட்டி எடைக்கற்களை அடுக்குவார் மிக்கேல். தட்டு ஒரு கிலோ. வெறும் தட்டுக்கு முள்ளை ஒன்றில் நிறுத்திவிட்டால் மற்றவை தாமாகச் சரியாகிவிடும். "தட்டு ஒண்ணு" என்று சொல்லிக்கொண்டேதான் திருகாணியில் கை வைப்பார். பதினெட்டு வருடப் பழக்கம்.

சென்ற மாதம் அங்கே வேறு வேலையாகப் போனவர், வழியில் கிடந்த தட்டை ஒதுக்கி வைக்கத் தூக்கினார். மணிக்கட்டு இறங்கியது. சிமெண்டு நிறுக்கும் தராசில் வைத்தார். நாலு.

"பழசு துருப்புடிச்சிப் போச்சுன்னு லேத்துல புதுசு அடிச்சோமுங்க. போன தடவ ஒங்களுக்கு மாட்டி வச்சதும் இதத்தான்" என்றார் கோவிந்தசாமி.

மிக்கேல் விரல்விட்டுக் கணக்குப் பார்த்தார். நாலு கிலோத் தட்டுக்கு முள்ளை ஒன்றில் நிறுத்தியிருக்கிறார். அன்றிலிருந்து மீட்டர் நாற்பது காட்டும்போதெல்லாம் குமிழை இழுத்தது நாற்பத்து மூன்று.

"சிமெண்டு வைக்கிற காசியம்மா எங்க?"

"அதுக்குக் கை தளந்துபோச்சுங்க. கூடைக்கு அஞ்சாறு கொக்கி புட்டுக்கிச்சி. வூட்டுக்கு அனுப்பிப் பத்து நாளாவுது."

"அந்தம்மா கை தளரல. தப்பு என்னுது."

"மெதுவாப் பேசுங்க. பேட்டையில தெரிஞ்சா நாளைக்கு எவன் ஒங்களக் கூப்புடுவான்? திருகி வுட்டுட்டுப் போங்க. சிமெண்டு வைக்க நான் வேற ஆளுக்குச் சொல்லியாச்சு."

மிக்கேல் திருகினார். பிறகு சூளைப் பக்கம் போய், அங்கே நின்ற அத்தனை பேர் காதிலும் விழும்படி நடந்ததைச் சொன்னார். கோவிந்தசாமி முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

"சரி. அந்தம்மா கடைசியா வச்ச கூடை ஒண்ணு இழுக்காமக் கெடக்குது. காலையில இழுப்போம். அது நின்னா அந்தம்மா வேலைக்கு வரட்டும்."

மிக்கேல் போனபோது காசியம்மாள் தன் வீட்டு வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். முழுவதையும் கேட்டுவிட்டு ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள்.

"பத்து நாளா இந்தக் கையத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டிருக்கேன், மீட்டர்காரரே. கொழம்பையே ரெண்டு தரம் ருசி பாக்குற ஆளாமே நீங்க. ஒரு தட்டத் தூக்கிப் பாக்கத் தோணலியா?"

"தோணலம்மா."

"நல்லா இருக்குது" என்றாள். அடுத்த வெங்காயத்தை எடுத்துக்கொண்டே, "எத்தன மணிக்கு வரணும்?" என்று கேட்டாள்.

மறுநாள் காலை காசியம்மாள் சுவரோரம் நின்றாள். முதல் குமிழை மாட்டி, கோவிந்தசாமியே கைப்பிடியைச் சுற்றினார். முள் இருபதைத் தாண்டியது, முப்பதைத் தாண்டியது. மிக்கேல் டயலைப் பார்க்கவில்லை. குமிழுக்கு நேர் கீழே குனிந்து, இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து ஏந்திக்கொண்டிருந்தார்.