சட்டியை விட்டு எழுந்த லில்லியக்கா

உதியன்குளங்கரையில் பஸ்சுக்காக நிற்கிறேன். ரோட்டோரக் கடையில் லில்லியக்கா நேந்திரங்காய்ச் சிப்ஸ் வறுக்கிறாள். பக்கத்தில் அவள் வீட்டுக்காரர் காய்களைத் தோலுரிக்கிறார். நெய்யாற்றின்கரைக் கல்யாண வீட்டு வண்டி இப்போது வந்துவிடும். அவர்கள் கேட்ட சிப்ஸில் பாதிகூட ஆகவில்லை.

என் வாய் சும்மா இருக்குமா?

“அண்ணாச்சி, காயை உரிக்கியளா, தடவிக் குடுக்கியளா?”

அவர் சிரிக்கிறார். அக்காதான் திரும்புகிறாள். “உரிக்கதுலயும் வறுக்கதுலயும் இவரு எனக்க பக்கத்துல வரமாட்டாரு, கேட்டியா?”

“பின்ன நீங்களே உரிக்கலாமே? சும்மா பெருமை பேசுதிய!”

அக்காவுக்கு ரோஷம் வந்துவிடுகிறது. கரண்டியை அவர் கையில் கொடுத்துவிட்டுக் கத்தியை எடுக்கிறாள். தோல் பறக்கிறது. நான் கைதட்டுகிறேன். அதற்குள் கருகல் வாடை. அண்ணாச்சி கையில் ஒரு சட்டிச் சிப்ஸ் போச்சு.

“பாத்தியா மக்கா? நான் உரிச்சா வறுப்பு போச்சு. இவரு மெதுவா உரிச்சாலும் எனக்கு லாபம் ஆக்கும்.”

மறுபடி கரண்டி அவளிடம், கத்தி அவரிடம். இன்னொரு கத்தி என்னிடம் நீள்கிறது.

“ஐயோ அக்கா, எனக்கு உரிக்கத் தெரியாதே!”

“தெரியாண்டாம். நீ இவரைவிட மோசமா உரிச்சாலும் லாபந்தான். இரி எலே!”

என் பஸ் வந்து, போய்விடுகிறது. விரலெல்லாம் கறை. கல்யாண வண்டி வரும்போது கடைசிச் சட்டி இறங்குகிறது. தன்னைவிட மெதுவான ஆளைப் பார்த்த சந்தோஷத்தில் அண்ணாச்சி வேகமாக உரித்துத் தள்ளியிருக்கிறார்.