டேப் அக்கா தைத்த கேபிள்

டேப் அக்கா காலையில் பல் தேய்த்த கையோடு கழுத்தில் அளவு டேப்பை மாட்டுவார்; படுக்கப் போகும்போதுதான் கழற்றுவார். தையல்கடைக்கு வந்துபோனவர்கள் வைத்த பெயர் அது. கடை இருந்த கட்டடத்தை இடித்துவிட்டார்கள். பெயர் மட்டும் அவருடனேயே வீட்டுக்கு வந்துவிட்டது.

கடை போன துக்கத்தில் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். யாராவது ஆறுதல் சொன்னால் இன்னும் கோபம் வந்தது. பிறகு ஒரு நாள் மெஷினைப் பின்னறை ஜன்னலோரம் போட்டு, எண்ணெய் விட்டு, ஓட்டிப் பார்த்தார். "ஓடுது," என்றார். கடையைப் பற்றிய பேச்சு அத்தோடு முடிந்தது.

வேலை கொண்டுவந்தது நாத்தனார். கணவரின் தங்கை, மாடி வீட்டுக்காரி, ஊரில் நடக்கும் எதுவும் அவளைத் தாண்டித்தான் நடக்கும். இணையம் வழியாகத் தையல் சொல்லித்தரும் பயிற்சி நிலையம் ஒன்று, சட்டைக் காலர் வெட்டத் தெரிந்த ஆசிரியரைத் தேடிக்கொண்டிருந்தது. மாணவர்கள் அவரவர் வீட்டில் உட்கார்ந்து, திரையைப் பார்த்துக் கூடவே வெட்டுவார்கள்.

"அண்ணி, கத்திரியும் இருக்கு, வாயும் இருக்கு. வேற என்ன வேணும்?" என்றாள்.

வேறு ஒன்று வேண்டியிருந்தது என்பது முதல் சோதனை வகுப்பில் தெரிந்தது. ரூட்டர் இருப்பது முன்னால் ஹாலில். அக்காவின் மேஜை பின்னறையில். நடுவில் இரண்டு தடித்த சுவர்கள். கத்திரி காலர் வளைவுக்குள் நுழைந்த அந்த நொடியில் படம் உறைந்துபோனது. திரும்பி வந்தபோது காலர் வெட்டி முடிந்திருந்தது. மாணவர்கள் பார்த்ததெல்லாம் வாயைத் திறந்தபடி நின்ற அக்காவையும், பிறகு தயாராக இருந்த காலரையும்தான். 'டீச்சர் மேஜிக் பண்றாங்க' என்று ஒருத்தர் எழுதினார். அதற்குக் கீழே சிரிக்கும் மூஞ்சிகள் வரிசை கட்டின.

வகுப்பு முடிந்ததும் நிலையத்தின் பொறுப்பாளர் அழைத்தார். "உங்க கை பிரமாதம்ங்க. படம்தான் நின்னு நின்னு வருது. சனிக்கிழமை இன்னொரு வகுப்பு வைப்போம். அதுலயும் நின்னா, வேற ஆளைத்தான் போடணும், தப்பா நினைக்காதீங்க."

அக்கா தப்பாக நினைக்கவில்லை. கவலைப்பட்டார்.

"இது போச்சுன்னா ரெடிமேட் கம்பெனிதான்," என்றார் கணவரிடம். "அங்க காலருக்கு ஒரு வரிசை, கைக்கு ஒரு வரிசை. வருஷக்கணக்கா காலரே தைச்சுட்டு இருக்கணும். ஒரு முழுச் சட்டை கண்ணுல படாது."

கணவர் நகரப் பேருந்து ஓட்டுகிறவர். வீட்டில் எந்தச் சிக்கல் வந்தாலும் முதல் வேலையாகப் பரணில் ஏறுவார். இப்போதும் ஏறி, பழைய வயர்களை ஒரு மூட்டையாக இறக்கினார். இணைய நிறுவனத்துக்குப் போன் செய்தபோது, காற்றில் வருவதைச் சுவர் தின்றுவிடுகிறது, ரூட்டரிலிருந்து கம்ப்யூட்டருக்கு நேராகக் கேபிள் போடுங்கள் என்று சொல்லியிருந்தார்கள்.

"கேபிள்தானே? இதோ," என்று ஒன்றை உருவினார். ரூட்டரின் துளைக்குள் அது போனது. உள்ளே போய் ஆடியது.

அக்கா குனிந்து பார்த்தார். "பெரிய காஜாவுல சின்னப் பட்டன் போட்ட மாதிரி இருக்கு. இது வேற எதுக்கோ உள்ளது."

வேறு எதற்கோ உள்ளதுதான். அது பழைய டெலிபோன் வயர். கணவர் மூட்டையைத் திரும்பக் கட்டினார்.

அக்கா டேப்பைக் கழற்றி, ரூட்டர் மூலையிலிருந்து சுவரோரமாகவே அளந்துகொண்டு போனார். இருவரும் கடைவீதிக்குக் கிளம்பினார்கள்.

எலெக்ட்ரிக் கடை நீளமானது, ஒடுங்கியது. இரண்டு பக்கமும் கேபிள் சுருள்கள் கூரை வரை தொங்கும். கடைக்காரருக்கு மூக்குக் கண்ணாடி நெற்றியில்தான் இருக்கும்.

"எத்தனை மீட்டர் வேணும்?"

"எட்டரை. திருப்பத்துக்கும் மேஜையில ஏறுறதுக்கும் ஒன்றரை விட்டிருக்கேன். பத்து."

"முப்பதாக் குடுங்க, பின்னாடி உதவும்," என்றார் கணவர்.

"எதுக்கு, பஸ் நின்னுபோனா கட்டி இழுக்கவா?"

கணவரின் கண் அதற்குள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த இன்னொன்றின் மேல் போயிருந்தது. பின்னல் உறை போட்ட கறுப்புக் கேபிள், முனை தங்க நிறம். "இதுதான் இருக்கறதுலயே உசத்தி, இல்லையா?"

"கேட் எய்ட்னு ஒரு ரகம். பெரிய கம்பெனிகள்ல கம்ப்யூட்டரா அடுக்கி வச்சிருப்பாங்களே, அந்த ரூமுக்கு உள்ளது," என்றார் கடைக்காரர். "உங்க வீட்டு லைனுக்குக் கேட் சிக்ஸ் தாராளம். சொல்லப்போனா ஃபைவ் ஈயே போதும். விலையில பெருசா வித்தியாசம் இல்ல, அதனால சிக்ஸா எடுத்துக்குங்க."

துணிக்கடையில் மடிப்பைப் பிரிக்காமல் துணி வாங்கிப் பழக்கமில்லாத அக்கா, கேபிளையும் பிரித்துக் காட்டச் சொன்னார். கடைக்காரர் ஒரு துண்டை நறுக்கி உறையை உரித்தார். உள்ளே எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கிய நான்கு ஜோடிகள்.

"இதை ஏன் நூல் மாதிரி முறுக்கியிருக்காங்க?"

"ஒரு ஜோடியோட சத்தம் இன்னொன்னுல ஏறாம இருக்கத்தான்."

"அப்ப இவரையும் இவர் தங்கச்சியையும் கொஞ்சம் முறுக்கி வைக்கணும்," என்றார் அக்கா. "கம்பி முழுக்கக் காப்பர்தானே?"

"முழுக் காப்பர். அலுமினியத்து மேல காப்பர் பூசினதும் வருது. என் கடையில கிடையாது."

தட்டையாகவும் ஒன்று இருந்தது, கார்ப்பெட்டுக்கு அடியில் போடலாம் என்றார். ஆனால் உருண்டைதான் நாள்பட உழைக்குமாம். அக்கா உருண்டையைக் கையில் எடுத்தார். விரலால் உருட்டினார். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. தொழில் தெரிந்த யாராவது அப்போது பக்கத்தில் இருந்திருந்தால் தடுத்திருப்பார்கள். மெத்தை உறையின் விளிம்பில் உருண்டையாக ஓடும் பைப்பிங்குக்கு உள்ளே வைக்கும் கயிறு, அச்சு அசல் இதே பருமன்.

வீட்டுக்கு வந்ததும் கேபிளைப் போட்டார்கள். படம் பளிச்சென்று வந்தது. ஆனால் ஹாலின் நடுவே சாம்பல் நிறத்தில் நீளமாக ஒன்று கிடப்பதை அக்காவால் பொறுக்க முடியவில்லை. சுவரோரம் ஒதுக்கினாலும் கண்ணில் குத்தியது. மறுநாள் கணவர் வேலைக்குப் போன நேரத்தில், மீந்துபோன பூப்போட்ட துணியைக் குறுக்குவாட்டில் நாடாவாக வெட்டினார். கேபிளை அதற்குள் வைத்து மடித்தார். மெஷினில் துணியை அழுத்தும் பாதத்தைக் கழற்றி, ஜிப் தைக்கும் ஒற்றைப் பாதத்தை மாட்டி, கேபிளை ஒட்டினாற்போல் ஓரத்தையல் போட்டுக்கொண்டே போனார். பத்து மீட்டர் பைப்பிங். சுவரின் அடிவிளிம்பில் அதைப் பதித்தபோது வீடே சட்டை மாற்றிக்கொண்டது போல இருந்தது.

மாலையில் வந்த கணவர் மூலையில் நின்றார். அங்கே அக்கா கேபிளைத் துணி மடிப்பது போல மடக்கி விட்டிருந்தார். "இந்தத் திருப்பத்துல சைக்கிளே திரும்பாதே. கொஞ்சம் அகலமா வளைச்சு விடு." அதை மட்டும் அக்கா மறுபேச்சில்லாமல் கேட்டுக்கொண்டார்.

ஒத்திகைக்கு நாத்தனார் மாடியிலிருந்து மாணவியாகச் சேர்ந்தாள். "அண்ணி, கன்னத்துல மரு இருக்கறதுகூடத் தெரியுது!"

"கத்திரி தெரியுதா, அதைச் சொல்லு."

"தெரியுது. வளைவுக்குப் போறீங்க... போறீங்க... போச்சு. நின்னுட்டீங்க. திரும்பவும் வாயைப் பிளந்துட்டுதான்."

ஹாலில் கணவர் சோபாவைச் சுவரோரக் கேபிளில் இடிக்கும்படி தள்ளிப் போட்டிருந்தார். படம் தானாக வந்தது. சோபா திரும்ப நகர்ந்தது, படம் போனது. அக்கா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ரூட்டர் முன்னால் உட்கார்ந்தார். கேபிள் போகும் துளைக்குப் பக்கத்துப் பச்சை விளக்கு, துணி அசைந்தால் அணைந்தது, விட்டால் எரிந்தது.

"தங்க முனை போட்டதை வாங்கச் சொன்னேன்," என்றார் கணவர்.

வெள்ளிக்கிழமை. கடை அடைக்க இன்னும் நேரம் இருந்தது. அக்கா கேபிளைச் சுவரிலிருந்து உருவி, சுருட்டி, பைக்குள் திணித்தார். வழியெல்லாம் கடைக்காரரிடம் என்னென்ன கேட்பது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்தார்; கணவர் பின்னாலேயே வந்தார். முழுக் காப்பராம், நாள்பட உழைக்குமாம்.

கடையில் கூட்டம். அக்கா கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய்ப் பையைக் கவிழ்த்தார். நீலப் பூவும் மஞ்சள் இலையுமாகப் பத்து மீட்டர் மேஜையில் விழுந்தது. கடைக்காரர் நெற்றியிலிருந்த கண்ணாடியை முதன்முறையாகக் கண்ணுக்கு இறக்கினார்.

"இது நான் குடுத்ததா?"

"நீங்க குடுத்ததுதான். சட்டை நான் போட்டது."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, சின்னப் பெட்டி ஒன்றில் கேபிளின் இரு முனைகளையும் செருகினார். எட்டுக் கம்பிக்கு எட்டு விளக்கு, ஒவ்வொன்றாக எரிந்துகொண்டு போகும். எல்லாம் எரிந்தன. "கேபிள்ல குத்தம் இல்லையே," என்றவர், சந்தேகத்துக்கு அதைக் கொஞ்சம் உலுக்கினார். மூன்றாவது விளக்கு விட்டுப்போனது.

"உள்ள எங்கேயோ கம்பி அடிபட்டிருக்கு. எங்கன்னு கண்டுபிடிக்கறதுதான்..."

அக்காவின் கை அதற்குள் தையல் மேல் ஓடத் தொடங்கியிருந்தது. ஒரு விரல் மேலே, கட்டைவிரல் கீழே. முக்கால்வாசி தூரம் போனதும் நின்றது. அங்கே இரண்டு தையல் விழாமல் தாண்டியிருந்தது. ஊசி கெட்டியான எதிலாவது இறங்கினால் அப்படித்தான் தாண்டும். தைக்கும்போது லேசாக 'டக்' என்று கேட்டது நினைவுக்கு வந்தது. அப்போது நூல்கண்டு மேல் பழியைப் போட்டிருந்தார்.

"ஊசி போயிருக்கு," என்றார் மெதுவாக. அப்புறம் சத்தமாக, "ஐயோ, கேபிளுக்கு நானே ஊசி போட்டிருக்கேன்!"

சண்டை போட வந்தவர், மேஜையைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். கடைக்காரரும் அடக்கியதையெல்லாம் விட்டுவிட்டார். கணவர் மட்டும் கூட்டத்தைப் பார்த்து, "இவங்க டாக்டரும் கிடையாது," என்றார்.

இன்னொரு பத்து மீட்டர் கேட் சிக்ஸ் வாங்கினார்கள். கண்ணாடிப் பெட்டியைக் கணவர் இந்த முறை திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அக்கா பழைய தையலைப் பிரித்து எறிந்துவிட்டு, புது நாடா வெட்டி, இந்தத் தடவை வெறும் குழலாக மட்டும் தைத்தார். முனை மாட்டிக்கொள்ளாத அளவுக்கு அகலம். பிறகு பாவாடைக்கு நாடா கோர்ப்பது போல, கேபிளின் முனையைத் துணியில் பொதிந்து, ஊக்கு மாட்டி, உள்ளே தள்ளித் தள்ளி இழுத்தார். கணவர் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, நாத்தனார் நடுவில் நின்று சுருக்கத்தை நகர்த்திக்கொடுத்தாள். பாதி வழியில் ஊக்கு திறந்துகொண்டது. மறுபடி முதலிலிருந்து.

"அண்ணி, துணியே வேண்டாம்னு விட்டா என்ன?"

"பேசாம தள்ளு."

சனிக்கிழமை வகுப்பு தொடங்கும்போது திரை முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்களில் முகங்கள். ஒரு கட்டத்தில் பொறுப்பாளர், கன்னத்தில் கை வைத்தபடி. ஹாலில் கணவர் சோபாவில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். தும்மல் வந்தபோதுகூட மூக்கைப் பிடித்துக்கொண்டார். அக்கா துணியை விரித்து, கோடு போட்டு, கத்திரியை எடுத்தார். வளைவின் வாசலில் ஒரு கணம் நிறுத்தி, "தெரியுதா எல்லாருக்கும்?" என்றார்.

"தெரியுது டீச்சர்."

கத்திரி நுழைந்தது. படம் நிற்கவில்லை. அக்கா வெட்ட வெட்ட, கட்டங்களுக்குள் கத்திரிகள் சேர்ந்து நகர்ந்தன. சரக், சரக் என்ற சத்தம் எங்கெங்கோ இருந்த வீடுகளிலிருந்து ஒரே அறைக்குள் வந்து சேர்ந்தது. பொறுப்பாளர் கன்னத்திலிருந்து கையை எடுத்துவிட்டு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். பிறகு யாருக்கும் தெரியாமல் அவரும் ஒரு துண்டுத் துணியை எடுத்து வெட்டத் தொடங்கினார். அது அக்காவுக்கு மிக நன்றாகத் தெரிந்தது.

"மேல ஓரத்துல இருக்கற சார்," என்றார் டேப் அக்கா. "கோட்டு மேல வெட்டறீங்க. தையலுக்கு யாரு துணி விடுவா? கத்திரியைக் கீழ வைங்க."

பொறுப்பாளர் கீழே வைத்தார். "அடுத்த வகுப்புல சரியா வெட்டறேன் டீச்சர்," என்றார். "திங்கட்கிழமை வருவீங்கல்ல?"

"வருவேன். நீங்க புதுத் துணி எடுத்துட்டு வாங்க," என்று சொல்லிவிட்டு, அக்கா அடுத்த காலருக்குக் கோடு போட்டார்.