மூன்று அணிக்கு இரண்டு இடம்

வெர்னா சோப்சாக்குக்குக் கோபம் வந்தால் குரல் தாழ்ந்துவிடும். ஹார்லன் ஃபோர்க்கில் அவள் ஓட்டிய பள்ளிப் பேருந்தில் போய்வந்த எல்லோருக்கும் அது தெரியும். பகலில் பேருந்து, கோடையில் ஊர் அணியான ரிவெட்டர்ஸின் பேஸ்பால் மைதானத்தில் ஸ்கோர் எழுதும் வேலை என்று இருபத்தாறு வருடம் ஓட்டியவள்.

அந்த வருடம் அவள் வீட்டு மாடியறையில் தங்கியிருந்தவன் வில்கின் பெரால்டா. டொமினிக்கன் நாட்டுக்காரன், அணியின் முதல் பந்தெறிபவன். ஆகஸ்ட் கடைசியில் அவன் காபிக் கோப்பையை இடது கையால் தூக்குவதை அவள் கவனித்தாள்.

"ஒண்ணுமில்ல டோன்யா வெர்னா, முழங்கைல சின்னப் பிடிப்பு" என்றான், தன் ஊர் வழக்கப்படி 'டோன்யா' என்று மரியாதை சேர்த்து. ராத்திரி முழுக்க வலது கையில் ஐஸ் கட்டிக்கொண்டு படுப்பவன் சொல்கிற பதிலா அது?

சீசனில் மூன்று ஆட்டம்தான் பாக்கி. பிளேஆஃப் என்கிற இறுதிச் சுற்றுக்கு இரண்டு இடம், போட்டியில் மூன்று அணி. ரிவெட்டர்ஸுக்கு ஐம்பத்தைந்து வெற்றி. ஆஷ்ஃபீல்டுக்கும் கார்வருக்கும் ஆளுக்கு ஐம்பத்து மூன்று. அவர்கள் மூன்றையும் ஜெயித்தால் ஐம்பத்தாறு வரும், நமக்கு இன்னும் இரண்டு வெற்றி வேண்டும் என்று மைதான வாசலில் பலகை வைத்துவிட்டார்கள்.

சனிக்கிழமை காலை வெர்னா அட்டவணையை எடுத்துப் பார்த்தாள். ஆஷ்ஃபீல்டும் கார்வரும் அந்த மூன்று ஆட்டத்தையும் ஒன்றோடொன்றுதான் ஆட வேண்டும். ஒன்று ஜெயித்தால் இன்னொன்று தோற்றாக வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து நூற்றாறு வெற்றி. மிச்சம் மூன்றையும் கூட்டினால் நூற்றொன்பது. இரண்டுமே ஐம்பத்தைந்தைத் தொட நூற்றுப்பத்து வேண்டும். அதாவது ஏதாவது ஒன்று கீழே நின்றே தீரும். ரிவெட்டர்ஸ் மூன்றிலும் தோற்றாலும் உள்ளேதான்.

மேனேஜர் டேல் ஹட்சின்ஸிடம் போய்ச் சொன்னாள். வில்கினை இன்றைக்கு இறக்கத் தேவையில்லை, அவன் முழங்கை சரியில்லை என்றாள்.

"முழங்கை விஷயம் எனக்கும் தெரியும், டிரெய்னர் சொல்லிட்டான்" என்றார் ஹட்சின்ஸ், ஷூவிலிருந்து கண்ணை எடுக்காமல். "நீங்க பஸ்ஸப் பாத்துக்குங்க வெர்னா, டீம நான் பாத்துக்கிறேன்."

கணக்கு எழுதிய தாளை மேஜையில் வைத்தாள். அவர் அதன்மேல் சோடா டப்பாவை வைத்தார்.

வில்கினிடமும் சொல்லிப் பார்த்தாள். மாட்டேன் என்று சொன்னால் அடுத்த வருடம் தன்னைக் கூப்பிட மாட்டார்கள் என்று அவன் மைதானத்துக்குள் போய்விட்டான்.

ஆறாவது இன்னிங்ஸில் ஒரு பந்தை எறிந்தவன் அப்படியே கையைப் பிடித்துக்கொண்டு முட்டி போட்டான். வெர்னா அடுத்து வந்தவனின் பெயரை எழுதினாள். ஆட்டம் முடியும்வரை அவள் அங்கிருந்து எழுந்து போக முடியாது. ரிவெட்டர்ஸ் ஜெயித்தது. கால் மணி நேரத்தில் கார்வர் தோற்ற செய்தியும் வந்தது. பிளேஆஃப் உறுதி என்று ஒலிபெருக்கி கத்தியது.

அவள் கீழே இறங்கிப்போனபோது உடைமாற்றும் அறையில் ஷாம்பெய்னைப் பீய்ச்சியடித்துக்கொண்டிருந்தார்கள். வில்கின் ஆஸ்பத்திரியில் இருந்தான்.

"காலையிலயே உள்ள இருந்தோம் டேல்" என்றாள், அவருக்கு மட்டும் கேட்கும் குரலில். "உங்களுக்குக் கூட்டத் தெரியாதது தப்பில்ல. கூட்டிக் குடுத்தத படிக்காததுதான் தப்பு."

"ஜெயிச்ச அன்னிக்கு இதெல்லாம் எதுக்கு?" என்றார் ஹட்சின்ஸ்.

அடுத்த நாள் உள்ளூர்ப் பத்திரிகையில், பெரால்டாவை இறக்குவதைத் தவிர வேறு வழியே இருக்கவில்லை என்று அவர் சொல்லியிருந்தார். அதைப் படித்தவள் வானொலியின் நேயர் நிகழ்ச்சிக்குப் போன் போட்டு, நூற்றொன்பது, நூற்றுப்பத்து என்று ஊரே புரிந்துகொள்கிற மாதிரி நிதானமாகக் கூட்டிக் காட்டினாள். டிரெய்னர் சொன்னதை மேனேஜர் அறிந்திருந்தார் என்பதையும் விடவில்லை. மறுப்பு எதுவும் வரவில்லை. வசந்தத்தில் புது சீசன் தொடங்கியபோது, ஸ்கோர் எழுதும் அவள் நாற்காலியில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள்; ஹட்சின்ஸ் மேனேஜராகவே இருந்தார்.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு குளிர்காலம் முழுக்க வில்கின் அவள் வீட்டில்தான் இருந்தான். வாடகை என்று அவன் பேச்செடுத்தபோதெல்லாம் அவள் அதட்டி உட்கார வைத்தாள். கை நீட்ட முடிந்தது, வேகம் திரும்பவில்லை. இப்போது நியூ ஜெர்சியில் அண்ணனின் டயர் கடையில் இருக்கிறான். ஞாயிறுதோறும் பேசுவான். தான் இறங்கியிருக்கக் கூடாது என்று ஒரு முறை ஆரம்பித்தான்.

"அத உன் தலைல போட்டுக்காத" என்றாள் வெர்னா, தாழ்ந்த குரலில். அவன் பேச்சை மாற்றிவிட்டான்.